முனைவரா, கலாநிதியா, டாக்டரா: பெயருக்கு முன்னால் எதை எழுதுவது?

ஏடுதேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பித்துக்கொண்டிருக்கிறேன். மதுரை, திருச்சி, யாழ்ப்பாணம், பேராதனை, கோலாலம்பூர், கொலோன் என்று பல ஊர்களிலிருந்து கட்டுரைகள் வந்திருக்கின்றன. கட்டுரைகளைத் திருத்துவதில் பெரிய தொல்லை இல்லை. பொருளடக்கத்தில் பெயர்களை எப்படி அச்சிடுவது என்பதில்தான் வேலை நின்றுவிட்டது.

அவரவர் எழுதி அனுப்பியபடி பார்த்தால் ஒருவர் 'முனைவர்', ஒருவர் 'கலாநிதி', ஒருவர் 'டாக்டர்', இன்னொருவர் 'பேராசிரியர் முனைவர்'. திருச்சிக்காரர் ஒருவர் பெயருக்கு முன்னால் 'முனைவர்.' என்று புள்ளியோடு போட்டு, பெயருக்குப் பின்னால் 'எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி.' என்றும் எழுதியிருக்கிறார். இவர்கள் எல்லோரும் பெற்றிருப்பது ஒரே படிநிலையிலுள்ள ஆய்வுப் பட்டம். அனைத்தையும் 'முனைவர்' என்று ஆக்கிவிடலாமா? ஈழத்து அறிஞர்கள் அதை ஏற்பார்களா? கௌரவப் பட்டம் பெற்ற ஒருவரும் தம்மை முனைவர் என்றே குறித்திருக்கிறார். அதை என்ன செய்வது? அச்சகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பொருநைச்செல்வி எழுதியது:

நல்ல கேள்வி. தமிழ்நாட்டு வழக்கை மட்டும் நான் சொல்கிறேன், மற்ற நாடுகளைப் பற்றி அங்குள்ளவர்கள் சொல்லட்டும்.

இங்கே இளங்கலை, முதுகலை, ஆய்வியல் நிறைஞர், முனைவர் என்பது வரிசை. ஆய்வியல் நிறைஞர் என்பது எம்.ஃபில். பட்டம். புதிய கல்விக் கொள்கையை ஒட்டி, பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் வெளியிட்ட விதிமுறைகளோடு அது நின்றுவிட்டது. 'முனைவர்' என்பது ஆய்வேடு எழுதி, வெளித்தேர்வாளர்கள் அதை மதிப்பிட்டு, வாய்மொழித் தேர்வில் வென்றவருக்கு உரிய சொல். அது ஆளைக் குறிக்கும் பெயர். பட்டத்தைக் குறிக்க வேண்டுமானால் 'முனைவர் பட்டம்' என்றுதான் சொல்ல வேண்டும். 'முனைவர் முடித்துவிட்டேன்' என்று மாணவர்கள் எழுதும்போது ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். 'முனைவர் பட்ட ஆய்வை முடித்துவிட்டேன்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த ஒன்று, அர் ஈறு இருப்பதால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம். பெண்பாலுக்குத் தனி வடிவம் வேண்டும் என்று யாரும் கேட்டதே இல்லை. பேராசிரியர், ஆய்வாளர், நெறியாளர், முனைவர் எல்லாம் அப்படித்தான்.

பெயருக்கு முன்னால் 'முனைவர்', பின்னால் 'பிஎச்.டி.' என்று இரண்டும் வேண்டியதில்லை. ஒன்று போதும்.

வல்லைவெளி எழுதியது:

தயவுசெய்து 'கலாநிதி'யை மாற்றாதீர்கள் ஐயா. நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன், இப்போது கனடாவில் இருக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகங்கள் தமிழில் வழங்கும் பெயர் கலாநிதிதான். இளநிலையில் கலைமாணி, விஞ்ஞானமாணி. அதற்கு மேலே முதுமாணி, முதுதத்துவமாணி, அதற்கும் மேலே கலாநிதி. 'மாணி' என்றால் கல்வி கற்கும் பிரமச்சாரி. மாவலியிடம் மண் கேட்டுப் போன வாமனனைப் பக்தி இலக்கியம் மாணி என்றுதான் அழைக்கிறது. எவ்வளவு பொருத்தமான பழஞ்சொல்லை எங்கள் ஆட்கள் தேடி எடுத்திருக்கிறார்கள்!

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இதில் குழப்பம் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 'கலைமாணி' என்று போட்டால் 'கலைமாமணி' விருது வாங்கியவர் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒன்று பல்கலைக்கழகப் பட்டம், மற்றது தமிழக அரசு கலைஞர்களுக்குக் கொடுக்கும் விருது. 'கலாநிதி' என்றால் உடனே சென்னை மியூசிக் அகாதெமியின் 'சங்கீத கலாநிதி' நினைவுக்கு வந்து, 'அவர் எந்த வாத்தியம் வாசிப்பவர்?' என்று கேட்டவர்களும் உண்டு. பட்டத்தை ஆளின் பெயராகவே எடுத்துக்கொண்டு 'திரு. கலாநிதி அவர்களே' என்று மேடையில் அழைத்ததையும் கேட்டிருக்கிறேன். அதற்காக நாங்கள் எங்கள் சொல்லை விட முடியுமா?

ஈழத்துத் திறனாய்வாளர் கைலாசபதி பர்மிங்காமில் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்து பட்டம் பெற்று வந்தபோது அவர் 'கலாநிதி கைலாசபதி'. பிறகு 'பேராசிரியர் கைலாசபதி'. சிவத்தம்பியும் அப்படியே. எங்களிடம் பேராசிரியர் என்பது பல்கலைக்கழகத்தில் ஒரு குறிப்பிட்ட பதவி. விரிவுரையாளர், சிரேஷ்ட (மூத்த) விரிவுரையாளர் என்று ஏறி வந்து அந்த இடத்தை அடைய வேண்டும். அடைந்தபின் பெரும்பாலும் 'கலாநிதி' உதிர்ந்துவிடும். தமிழ்நாட்டில் கல்லூரியில் பாடம் நடத்தும் யாரையும் பேராசிரியர் என்கிறீர்கள். ஆகவே உங்கள் பொருளடக்கத்தில் இந்த ஒரு சொல்லே இரண்டு நாட்டில் இரண்டு எடையோடு நிற்கப்போகிறது. அதையும் கவனியுங்கள்.

மெய்ப்புநோக்கி எழுதியது:

நாளிதழிலும் பதிப்பகத்திலும் மெய்ப்புத் திருத்தியே வாழ்ந்தவன் நான். முதலில் சிறிய செய்தி ஒன்று. 'முனைவர்' என்பதற்குப் பின் புள்ளி வராது. புள்ளி சுருக்கத்துக்கு உரியது. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாகச் சுருக்கி எழுதுவதால் அங்கே புள்ளி வைக்கும் பழக்கம் வந்தது. நாம் முழுச் சொல்லையும் எழுதிவிட்டு எதைச் சுருக்கினோம் என்று புள்ளி வைக்கிறோம்? 'டாக்டர்.', 'பேராசிரியர்.', 'மருத்துவர்.' எல்லாம் இதே பிழை. பெயர்ப்பலகை, அழைப்பிதழ், நூல் அட்டை என எங்கும் இதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் மனம் நோகிறது.

இன்னொன்று, 'பி.எச்.டி.' என்று மூன்றாகப் பிரிக்க வேண்டாம். முதல் இரண்டு எழுத்தும் 'ஃபிலாசஃபி' என்ற ஒரே சொல்லின் தொடக்கம். ஆகவே 'பிஎச்.டி.' என்பதே சரி. ஏடுதேடியின் திருச்சிக்காரர் அதைச் சரியாக எழுதியிருக்கிறார்.

இனி 'டாக்டர்'. இந்தச் சொல்லைத் தமிழ்ப் படிப்பாளிகளுக்கு முதலில் பழக்கியவர்கள் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர்கள் அல்லர். டாக்டர் கால்டுவெல்லுக்கு கிளாஸ்கோ பல்கலைக்கழகம் சட்டத்தில் மதிப்புப் பட்டம் தந்தது. டாக்டர் ஜி. யு. போப்புக்கு இறையியலில் டாக்டர் பட்டம் தந்தவர் கேன்டர்பரி பேராயர், ஆண்டு 1864. அவர்களைத் தொடர்ந்து வந்த பெருமகன் உ. வே. சாமிநாதையர். 1906 இல் மகாமகோபாத்தியாயர், 1925 இல் தாக்ஷிணாத்ய கலாநிதி, 1932 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதிப்பு டாக்டர். வல்லைவெளி கவனிக்க: ஐயரவர்களுக்கும் 'கலாநிதி' என்ற சொல் பட்டமாக வந்திருக்கிறது! ஆனால் 'டாக்டர்' என்பதுதான் அவர் பெயரில் ஒட்டி நின்றது.

ஆய்வேடு எழுதித் தமிழில் டாக்டர் பட்டம் பெறுவது அதற்குப் பின்னால் வந்த கதை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1948 இல் மு. வரதராசனார் சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்து அதைப் பெற்றார். வித்துவான் தேர்விலிருந்து படிப்படியாக ஏறி வந்தவர் அவர். 'டாக்டர் மு. வ.' என்று நூல் அட்டையில் அச்சானதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அவரை இன்று 'முனைவர் மு. வ.' என்று எழுதினால் என் கண்ணுக்கு ஒட்டவில்லை. டாக்டர் அம்பேத்கரும் அப்படித்தான். கொலம்பியாவில் ஒன்று, லண்டன் பொருளியல் பள்ளியில் ஒன்று என இரண்டு உயர் ஆய்வுப் பட்டங்களை உழைத்துப் பெற்றவர். 'முனைவர் அம்பேத்கர்' என்பதில் பொருட்குற்றம் கிடையாது, ஆனாலும் மக்கள் நாவில் நிலைத்த பெயரில் பதிப்பாசிரியர் கைவைக்கக் கூடாது. மறைந்தவர்களின் பெயர்களை அவர்கள் காலத்து வழக்கிலேயே விடுங்கள்.

நாடிபிடிப்பவன் எழுதியது:

மருத்துவனாக ஒரு வார்த்தை. நாங்கள் 'டாக்டர்' என்ற சொல்லைப் பிடித்துவைத்துக்கொண்டோம் என்று தமிழாசிரியர்கள் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. வரலாற்றைப் பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 'டோசேரே' என்ற இலத்தீன் வினைக்குக் கற்பித்தல் என்று பொருள். அதிலிருந்து வந்தது டாக்டர். ஐரோப்பாவில் பொலோனியா, பாரிஸ் போன்ற இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் உரிமை பெற்றவரைத்தான் அப்படி அழைத்தார்கள். இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய மூன்று உயர்துறைகளிலும் அந்தப் பெயர் இருந்தது. மருத்துவத்தின் வழியாக அது மக்களிடம் வந்தது, ஏனென்றால் மக்கள் அன்றாடம் போய் நிற்பது மருத்துவரிடம்தான்.

நம் நாட்டில் மருத்துவம் படித்து வெளியே வருபவர் பெறும் எம்.பி.பி.எஸ். இரண்டு இளநிலைப் பட்டங்களின் சேர்க்கை. டாக்டர் என்று அழைக்கப்படுவது பட்டத்தால் வந்தது அன்று, தொழில் மரபால் வந்தது. பிரிட்டனில் அறுவை மருத்துவர்கள் இன்றும் தங்களை 'மிஸ்டர்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அது அவர்களுக்குப் பெருமை.

என் கருத்து இதுதான். எங்களுக்கு 'மருத்துவர்' என்ற அருமையான சொல் இருக்கிறது. நோயாளி வாயில் 'டாக்டர்' வரும், வரட்டும். அச்சில் எங்களை மருத்துவர் என்றும், ஆய்வுப் பட்டம் பெற்றவர்களை முனைவர் என்றும் எழுதினால் படிப்பவருக்குத் தெளிவாக இருக்கும். உங்கள் தொகுப்பில் சித்த மருத்துவம் பற்றிய கட்டுரை ஏதாவது இருந்தால் இந்தத் தெளிவு கட்டாயம் தேவைப்படும்.

வல்லைவெளி எழுதியது:

இலங்கைப் பத்திரிகைகளில் மருத்துவரை 'வைத்திய கலாநிதி' என்று எழுதும் வழக்கமும் இருக்கிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அடைமொழி இல்லாத கலாநிதி ஆய்வுப் பட்டம் பெற்றவர், 'வைத்திய' சேர்ந்தால் மருத்துவர்.

சொற்கிடங்கு எழுதியது:

எல்லோரும் 'முனைவர்' சரியான சொல் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எனக்கு அதிலேயே உடன்பாடு இல்லை.

இதன் வேரைத் தேடுபவர்கள் தொல்காப்பிய மரபியலுக்குப் போவார்கள்:

வினையின் நீங்கி விளங்கிய அறிவின்
முனைவன் கண்டது முதல்நூ லாகும்

இங்கே முனைவன் யார்? வினைகளிலிருந்து நீங்கியவன், விளங்கிய அறிவு உடையவன். உரையாசிரியர்கள் இறைவன், முன்னோன் என்று பொருள் கொண்டார்கள். அருகனைக் குறித்தது என்று கொள்வாரும் உண்டு. அந்தச் சொல்லை எடுத்து, ஆய்வேடு சமர்ப்பித்த ஒவ்வொருவருக்கும் சூட்டுவது எனக்கு ஒப்பவில்லை. மேலும் 'முனை' என்றால் போர்முனை. கூலிக்குப் போர் செய்து அந்தப் பணத்தில் தொண்டு புரிந்த நாயனாரின் பெயர் முனையடுவார். 'முனைவு முனிவு ஆகும்' என்று அதே தொல்காப்பியம் உரியியலில் சொல்கிறது, அதாவது வெறுப்பு. தெய்வம், போர், வெறுப்பு என்று மூன்று பழம்பொருள்கள் கிடக்க, படிப்பு எங்கே வந்தது?

தனித்தமிழ் எழுத்தாளர்களிடம் 'பண்டாரகர்' என்ற ஒரு சொல் இருந்தது. அறிவின் பண்டாரம், களஞ்சியம் என்ற பொருள் அதில் தெளிவாக நிற்கிறது. அது வழக்கில் நிலைக்காமல் போனது இழப்பு. சொல்லப்போனால் கலாநிதியும் அதே எண்ணத்தில் பிறந்த சொல்தான், கலைகளின் நிதி. வடமொழியில் அதற்குச் சந்திரன் என்ற பொருளும் இருக்கிறது, கலைகள் வளர்ந்து நிறைவதால்.

பொருநைச்செல்வி எழுதியது:

சொற்கிடங்கு அவர்களே, நீங்கள் எடுத்துக்காட்டிய நூற்பாதான் என் கட்சிக்கு வலிமை. அடுத்தடுத்த நூற்பாக்களையும் சேர்த்துப் படியுங்கள்.

மரபியல் நூலை இரண்டாகப் பிரிக்கிறது. முதல்நூல், வழிநூல். முனைவன் கண்டது முதல்நூல். வழிநூலோ நான்கு வகை: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். முன்பு இருந்ததைச் சுருக்குவது, விரிப்பது, இரண்டையும் கலந்து செய்வது, வேறு மொழியிலிருந்து கொண்டுவருவது. நான்கும் மதிப்புள்ள வேலைகளே. நல்ல வழிநூல்கள் இல்லாமல் எந்த மொழியும் வளராது. ஆனால் அவை முதல்நூல் ஆகா.

இப்போது உலகம் முழுவதும் இந்தப் பட்டத்துக்கு என்ன கேட்கிறார்கள்? அறிவுத்துறைக்குப் புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறாயா என்று கேட்கிறார்கள். முன்னோர் சொன்னதைத் தொகுத்தால் போதாது, விரித்தால் போதாது, நீயே ஒன்றைக் காண வேண்டும். நூற்பாவில் 'கண்டது' என்ற வினையைப் பாருங்கள். இயற்றியது, யாத்தது, மொழிந்தது என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். கண்டது என்று சொல்லியிருக்கிறார். இதைவிடப் பொருத்தமாக ஓர் ஆய்வுப் பட்டத்துக்கு எங்கிருந்து பெயர் எடுப்பது? பண்டாரகர் என்றாலும் கலாநிதி என்றாலும் சேர்த்து வைத்திருப்பவர் என்றுதான் பொருள். முனைவர் என்ற சொல்லோ ஒன்றைக் கண்டவர் என்று கணக்குக் கேட்கிறது.

முனை என்பதற்குப் போர் என்று பொருள் இருப்பது உண்மை. முன்னே நிற்பது, கூர்மை, ஊக்கத்தோடு ஈடுபடுவது என்ற பொருள்களும் அதே வேரில் உண்டு. முனைந்து படி, முனைப்போடு செய் என்று இன்றும் சொல்கிறோம். பழைய பொருள் ஒன்று இருப்பதால் புதிய பொருள் ஏறக்கூடாது என்றால் தமிழில் பாதிச் சொற்களைக் கைவிட வேண்டியிருக்கும்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் தேர்வாளராக இருந்து படித்த ஆய்வேடுகளில் பல, தொல்காப்பியர் கணக்கில் தொகுத்தல்தான். ஒரு நாவலாசிரியரின் எல்லா நாவல்களையும் எடுத்து, கதைச்சுருக்கம் எழுதி, பாத்திரங்களை வகைப்படுத்தி, உவமைகளை எண்ணி முடித்துவிடுகிறார்கள். கேள்வி கிடையாது, ஆகவே விடையும் கிடையாது. அப்படிப்பட்டவற்றுக்கும் இந்தச் சொல்லைக் கொடுக்கும்போதுதான் சொல் மெலிகிறது.

களப்பணி எழுதியது:

அம்மா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இப்போது முனைவர் பட்ட ஆய்வாளர். நாட்டார் வழக்காற்றியல். ஊர் ஊராகப் போய்ப் பாடல்களைப் பதிவு செய்கிறேன்.

தொகுத்தல் மட்டும் செய்யும் ஆய்வேடுகள் வருவதற்கு மாணவர்கள் மட்டுமா பொறுப்பு? தலைப்பை நெறியாளர் கொடுத்துவிடுகிறார். 'இந்தத் தலைப்பில் சென்ற ஆண்டு ஒருவர் முடித்தார், நீங்கள் அடுத்த ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரையை நான் நேரில் கேட்டிருக்கிறேன். எங்கே, யார் என்பதைச் சொல்ல விரும்பவில்லை. உதவித்தொகை இல்லாமல், தனியார் கல்லூரியில் நாள் முழுவதும் வகுப்பெடுத்துக்கொண்டு, இரவில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் என் தோழிகளில் பாதிப்பேர். வேலை நிலைக்கவும் பதவி உயரவும் பட்டம் தேவைப்படுகிறது. ஆகவே விரைவில் முடியக்கூடியதை எடுக்கிறார்கள். 2022 விதிமுறைகளின்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு வரை தளர்வு உண்டு. காகிதத்தில் போதுமான காலம்தான். ஆனால் களத்துக்குப் போகப் பணமும் விடுப்பும் யார் தருவது?

அதனால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பொருளடக்கத்தில் பட்டம் இல்லாத ஆய்வாளர்களை வெறும் பெயரோடு விட்டுவிடாதீர்கள். 'முனைவர் பட்ட ஆய்வாளர்' என்பதும் ஓர் உழைப்பைக் குறிக்கும் அடையாளம்தான்.

கொலோன்வாசி எழுதியது:

ஏடுதேடி குறிப்பிட்ட கொலோன் கட்டுரையாளர் நான் அல்லன், ஆனாலும் அதே ஊரில்தான் இருக்கிறேன். ஜெர்மானிய வழக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பட்டத்தை இன்றைய வடிவில் வார்த்ததில் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. 1810 இல் தொடங்கப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகம் அதில் முன்னணியில் நின்றது. கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒன்றாக நடக்க வேண்டும் என்பது அங்கே வேரூன்றிய எண்ணம். அமெரிக்காவில் 1861 இல் யேல் முதன்முதலாக இந்தப் பட்டத்தைக் கொடுத்தது. ஆக்ஸ்போர்டு 1917 இல்தான் இதற்கு இடம் தந்தது. கேம்பிரிட்ஜ் அதற்கும் பின்னால். கணித மேதை ராமானுஜனுக்கு 1916 இல் கேம்பிரிட்ஜ் கொடுத்தது 'ஆராய்ச்சிவழி இளங்கலை' பட்டம். பிற்காலத்துப் பிஎச்.டி.க்கு அங்கே அன்று இருந்த முன்வடிவம் அதுதான். ராமானுஜனை முனைவர் என்று யாரும் எழுதுவதில்லை, எழுத வேண்டிய தேவையும் இல்லை.

இங்கே வாய்மொழித் தேர்வில் வென்றாலும் ஆய்வேட்டை வெளியிடும்வரை பெயருக்கு முன் பட்டத்தைப் போட முடியாது. உரிமை இல்லாமல் போட்டுக்கொள்வது குற்றவியல் சட்டத்தின் 132அ பிரிவின்கீழ்க் குற்றம். அடையாள அட்டையிலேயே பட்டத்தைப் பதிவு செய்துகொள்ளலாம். அந்த அளவுக்கு மதிப்புக் கொடுப்பதால் பறிப்பதிலும் தயக்கம் கிடையாது. 2011 இல் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க்கின் ஆய்வேட்டில் பிறர் எழுத்து இருந்தது வெளியானதும் பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது, அவர் பதவி விலகினார். 2013 இல் கல்வி அமைச்சர் ஷாவானுக்கும் அதே கதி.

'பேராசிரியர் முனைவர்' என்று அடுக்குவது எங்கள் ஊரில் இயல்பு. உங்கள் கட்டுரையாளர் அந்தப் பழக்கத்தில் எழுதியிருக்கலாம். தமிழில் ஒன்றை வைத்துக்கொண்டால் அவர் வருந்தமாட்டார் என்று நினைக்கிறேன்.

கிள்ளான்கரை எழுதியது:

மலேசியாவில் 'டாக்டர்', 'முனைவர்' இரண்டும் தமிழ் ஏடுகளில் புழங்குகின்றன. அரசு விருதுப் பெயர்கள் இருந்தால் அவை முதலில் வரும். 'டத்தோ முனைவர்' என்றோ 'டான் ஸ்ரீ டாக்டர்' என்றோதான் எழுதுவோம், மாற்றி எழுதமாட்டோம். உங்கள் கோலாலம்பூர்க் கட்டுரையாளருக்கு அப்படி விருது இருந்தால் வரிசையைக் காப்பாற்றுங்கள். மற்றபடி 'முனைவர்' என்று போடுவதில் எங்களுக்குத் தடையில்லை.

ஏடுதேடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கௌரவப் பட்டம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே? அந்தப் பெரியவர் தமிழுக்கு உண்மையாக உழைத்தவர். அவர் மனத்தை நோகடிக்க எனக்கு விருப்பம் இல்லை.

மெய்ப்புநோக்கி எழுதியது:

இதைப் பற்றிப் பேசாமல் ஒதுங்கினால் 'முனைவர்' என்ற சொல்லைப் பற்றிப் பேசியதற்கே பொருளில்லை.

மதிப்புறு முனைவர் பட்டம் இரண்டு வகையில் வருகிறது. ஒன்று, சட்டப்படி பட்டம் வழங்கும் உரிமை உள்ள பல்கலைக்கழகம் ஒருவரின் வாழ்நாள் பணியைப் போற்றிக் கொடுப்பது. 1956 ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவில், பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு என்பதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. உ. வே. சா. பெற்றது இந்த வகை. சுவடி சுவடியாகத் தேடி அலைந்து சங்க இலக்கியத்தை அச்சேற்றியவருக்கு அதைக் கொடுத்ததால் பல்கலைக்கழகம்தான் பெருமை பெற்றது. மற்றது, பணம் வாங்கிக்கொண்டு, பல்கலைக்கழகமே அல்லாத அமைப்புகள் விடுதி அரங்குகளில் வழங்குவது. 2023 இல் சென்னையில் ஓர் அமைப்பு, புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் அரங்கிலேயே விழா நடத்திப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்து, பின்னர் அது காவல்துறைப் புகாராகப் போனது பலருக்கும் நினைவிருக்கும். கருப்பு அங்கியும் தொப்பியும் அணிந்து படம் எடுத்து, மறுநாளே தெருமுனையில் பதாகை வைத்துவிடுகிறார்கள்.

இரண்டாம் வகையை எந்த நூலிலும் சேர்க்கக் கூடாது. இதில் எனக்கு இரக்கம் கிடையாது. களப்பணி எழுதிய அந்தத் தோழிகளின் இரவுகளுக்கு நாம் செய்யும் துரோகம் அது.

முதல் வகையினரையும் பொருளடக்கத்தில் 'முனைவர்' என்று போடாமல், கட்டுரையாளர் குறிப்பில் 'இன்ன பல்கலைக்கழகம் இன்ன ஆண்டில் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கிப் போற்றியது' என்று ஒரு முழு வரியாக எழுதுங்கள். ஒற்றைச் சொல்லைவிட அந்த வரி அவருக்குக் கூடுதல் மதிப்புத் தரும்.

சொற்கிடங்கு எழுதியது:

அப்துல் கலாமும் ராதாகிருஷ்ணனும் ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றவர்கள் அல்லர். அவர்களுக்குக் கிடைத்தவை மதிப்புப் பட்டங்கள்தாம். நாடே டாக்டர் என்றுதான் அழைத்தது. அவர்களுக்கு ஒரு விதி, ஏடுதேடியின் பெரியவருக்கு ஒரு விதியா?

பொருநைச்செல்வி எழுதியது:

அவர்களை மக்கள் அழைத்தார்கள், அது வழக்கு. ஆய்வுத் தொகுப்பின் பொருளடக்கம் வேறு. அங்கே 'முனைவர்' என்று கண்டால், இவர் ஓர் ஆய்வேட்டை எழுதியிருக்கிறார், தேடிப் படிக்கலாம் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் மின்படிகள் 'ஷோத்கங்கா' களஞ்சியத்தில் சேர்க்கப்பட்டு வருகின்றன. பெயரைப் போட்டுத் தேடினால் பலருடைய ஆய்வேடும் முழுமையாகக் கிடைக்கிறது. பெரியவரின் பெயரைத் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் அவருக்குத்தான் இழுக்கு. மெய்ப்புநோக்கி ஐயா சொன்ன வழியே அவரைக் காப்பாற்றும்.

ஏடுதேடி எழுதியது:

அவரோடு தொலைபேசியில் பேசினேன். சென்னையிலுள்ள ஒரு பல்கலைக்கழகம் முறையாகக் கொடுத்த பட்டம் அது. குறிப்பில் முழு வரியாகப் போடுவதாகச் சொன்னதும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்.

மற்றவர்களுக்கு இப்படி வைத்திருக்கிறேன். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றுபவர்களுக்குக் 'கலாநிதி', 'பேராசிரியர்' என்பவற்றை அவர்கள் எழுதியபடியே. ஏனையோருக்கு 'முனைவர்', புள்ளி இல்லாமல், பின்னால் பட்டங்களின் வால் இல்லாமல். முன்னுரையின் அடியில், கலாநிதியும் முனைவரும் ஒரே படிநிலைப் பட்டங்கள் என்று ஒரு குறிப்பு. சித்த மருத்துவக் கட்டுரையை எழுதியவர் 'மருத்துவர்'. ஆய்வு மாணவர்கள் 'முனைவர் பட்ட ஆய்வாளர்'. ஒரே ஒருவர் மட்டும் மீதம். அவருக்குச் சென்ற மாதம் வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டது, பட்டமளிப்பு விழா இன்னும் நடக்கவில்லை. அவர் எந்தப் பட்டியலில் வருவார்?

பொருநைச்செல்வி எழுதியது:

விழாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்வாளர்களின் அறிக்கையைப் பல்கலைக்கழகம் ஏற்றுத் தற்காலிகச் சான்றிதழ் வழங்கிவிட்டதா என்று கேளுங்கள். வழங்கியிருந்தால் அவர் முனைவர். ஜெர்மானிய விதி நமக்கு இல்லை.

ஏடுதேடி எழுதியது:

கேட்டேன். சான்றிதழின் நகலை உடனே அனுப்பிவிட்டார். நாட்டுப்புறத் தெய்வங்களின் பெயர்கள் பற்றிய ஆய்வேடு, களப்பணி அவர்கள் படிக்க விரும்பினால் தனிமடலில் அவருடைய இசைவோடு இணைப்பை அனுப்புகிறேன். பொருளடக்கத்தின் மெய்ப்பு நாளைக் காலை அச்சகத்துக்குப் போகிறது. மெய்ப்புநோக்கி ஐயா, இன்று இரவுக்குள் ஒருமுறை பார்த்துத் தர இயலுமா?

மெய்ப்புநோக்கி எழுதியது:

அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். கட்டுரையாளர் குறிப்புகளையும் சேர்த்தே அனுப்புங்கள், புள்ளிகள் அங்கேயும் ஒளிந்திருக்கும்.